ஹாலண்டர் ரபியின் கடைசி சனிக்கிழமை

எங்கள் யூத ஜெபக்கூடத்துக்குப் புது ரபி, அதாவது மதகுரு, வருகிறார் என்றதும் எங்கள் ஊர் பிரெஸ்ட்விச் முழுக்க வேறு பேச்சே இல்லை. இருபத்தேழு வருஷம் தலைமை ரபியாக இருந்த ஹாலண்டர், மனைவியின் முழங்காலுக்கு வெயில் வேண்டும் என்று இஸ்ரேலில் போய்க் குடியேறப்போகிறார். அவர் இடத்துக்கு லண்டனிலிருந்து கெஸ்லர் என்று முப்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர். ஆள் கண்டிப்பானவரா சாதுவா, பிரசங்கம் எத்தனை நிமிஷம் நீளும், வீட்டுக்காரி முறைப்படி தலைமுடியை மறைக்க விக் வைப்பாளா தொப்பி போடுவாளா என்று என் மருந்துக்கடைக்கு வந்தவர்களெல்லாம் பேசித் தீர்த்தார்கள். இருமல் மருந்துக்கு வந்தவர் அரை மணி நேரம் நின்று பேசிவிட்டு மருந்தை மறந்து போனார்.

எனக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. எனக்கு ஒரே கவலைதான், ஆறு வருஷமாக அதேதான்.

என் கணவன் வாரன் ஃபைன்கோல்டும் நானும் பிரிந்து ஆறு வருஷம் ஆகிறது. கோர்ட்டில் விவாகரத்து வாங்கியாயிற்று. ஆனால் எங்கள் மதச் சட்டத்துக்கு அந்தக் காகிதம் போதாது. புருஷன் தன் மனசார ஒரு விலக்குச் சீட்டு எழுதவைத்து, பெண்டாட்டி கையில் போட வேண்டும். போடாதவரை நான் அவன் மனைவி. லீட்ஸில் ஏட்ரியன் என்று ஒரு பல் டாக்டர் நாலு வருஷமாக எனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு முப்பத்தொன்பது வயது. சீட்டு இல்லாமல் அவரோடு எனக்கு ஒரு பிள்ளை பிறந்தால், அந்தப் பிள்ளையை எங்கள் சமூகத்தில் ஒருவரும் கல்யாணம் செய்துகொள்ள மாட்டார்கள். அதன் பிள்ளைகளுக்கும் அதே கதிதான். அந்தப் பாவத்தை ஒரு குழந்தை தலையில் கட்ட எனக்கு மனசு வரவில்லை. ஆகவே நானும் காத்திருந்தேன்.

வாரன் தரமாட்டேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அதுதான் அவன் சாமர்த்தியம். "நான் எப்ப மாட்டேன்னு சொன்னேன்? யோசிச்சுக்கிட்டு இருக்கேன்" என்பான், சிரித்துக்கொண்டே. ஆறு வருஷ யோசனை. மற்றவன் இந்நேரம் ராக்கெட் விட்டிருப்பான்.

ஹாலண்டர் ரபியிடம் போனால், "விட்டுப் பிடிக்கணும், ஷிஃப்ரா. முறுக்கினா முறுக்கிக்குவான்" என்பார். நல்ல மனுஷர். சும்மா சொல்லக்கூடாது, என் அப்பா இறந்தபோது துக்கம் காக்கும் ஏழு நாளும் எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்தவர். ஆனால் யாரையும் பகைத்துக்கொள்ள மாட்டார். ரபி மாறும் வைபவத்துக்குக் குழு போட்டபோது அதற்குத் தலைவராக யாரைப் போட்டார்கள் என்று நினைக்கிறீர்கள்? வாரனைத்தான். கோட்டு சூட்டோடு ஓடியாடி வேலை செய்கிற ஆள், எல்லோருக்கும் செல்லப்பிள்ளை.

கடைசி வாரம், திங்கட்கிழமை, ரபியின் அறைக்குப் போனேன். புத்தகங்கள் எல்லாம் பெட்டிக்குள் போயிருந்தன. அலமாரி பல் போன வாய் மாதிரி இருந்தது.

"உன் விஷயத்தை மறக்கலைம்மா. கெஸ்லருக்கு எல்லாம் எழுதிவெச்சிருக்கேன்" என்று மேசைமேல் இருந்த ஒரு கோப்பைத் தட்டிக் காட்டினார். அந்த நேரம் பார்த்துப் பெட்டி தூக்க ஆள் வந்தது. அவர் வாசலுக்குப் போனார். நான் கோப்பைத் திறந்தேன். திறக்கக்கூடாதுதான். திறந்தேன்.

புது ரபிக்கான குறிப்புகள், வரிசையாக எண் போட்டு. சமையலறைச் சாவி யாரிடம், எந்த நோயாளியை எந்த நாளில் பார்க்க வேண்டும், யார் யாரோடு பேசுவதில்லை. பதினோராவது: பாய்லர். பழசாகிவிட்டது, உடனே கவனிக்கவும். பதினான்காவது: ஃபைன்கோல்ட் தம்பதி. சிக்கலான விஷயம். அவசரம் வேண்டாம்.

அவர் திரும்பி வந்தபோது நான் கோப்பை மூடக்கூட இல்லை.

"பாய்லர் உடனே. நான் அவசரமில்லையா, ரபி?"

அவர் முகம் சிவந்துபோயிற்று. "அது வேற, இது வேற, ஷிஃப்ரா."

"பழசாயிடுச்சுன்னு எழுதியிருக்கீங்க. எனக்கும்தான் வயசாகுது."

"புது ஆளு. வந்த உடனே அவர் தலையில சண்டையைத் தூக்கிப் போடலாமா? ஒரு ஆறு மாசம் ஊன்றட்டும்."

ஆறு மாசம். அவருக்கு அது காலண்டரில் ஆறு தாள். எனக்கு அப்படி இல்லை என்று இவருக்கு எப்படிப் புரியவைப்பது? எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் கடையில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். ரபி மாறுவதை ஒட்டி வாரனின் குழு வீட்டுக்கு வீடு ஒரு புத்தகம் கொடுத்திருந்தது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன் ஹாம்பர்க்கிலிருந்து வந்து இந்த ஜெபக்கூடத்தைக் கட்டியவர்கள் எழுதிவைத்த விதிகள், புது அட்டை போட்டு, தங்க எழுத்தில். யாரும் பிரித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். நான் பார்த்தேன். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிற பொடி எழுத்துக் காகிதத்தையே முழுக்கப் படிக்கிறவள் நான், தொழில் அப்படி.

பத்தொன்பதாவது விதியில் சாண்ட்விச் கையிலேயே நின்றுவிட்டது. உறுப்பினர் எவருக்காவது அநீதி நடந்து, நிர்வாகம் கண்டுகொள்ளாமல் விட்டால், அவர் ஓய்வுநாளான சனிக்கிழமை காலையில், தோரா என்கிற வேதச் சுருளை விரிப்பதற்கு முன், வாசிப்பு மேசையை மூன்று முறை தட்டி வாசிப்பை நிறுத்தலாம். அவருக்கு நியாயம் செய்யும்வரை, அவர் சம்மதிக்கும்வரை, வாசிப்பு நடக்காது. இந்தப் பழக்கம் ரைன் நதிக்கரையில் எண்ணூறு வருஷத்துக்கு முன்பே உண்டு என்று அப்பா ஒருமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். எங்கள் இடத்தில் கடைசியாக 1926-ல் ஒரு தையல்காரர் நிறுத்தினாராம், அவர் உட்காரும் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று.

உறுப்பினர் என்றுதான் இருந்தது. ஆண் என்று இல்லை. எனக்கு ஓட்டு இருக்கிறது, வருஷா வருஷம் சந்தா கட்டுகிறேன். முன்னுரையைப் பார்த்தேன். 'இந்த விதிகள் ஒவ்வொன்றும் இன்றும் உயிரோடு இருக்கின்றன.' கீழே கையெழுத்து, வாரன் ஃபைன்கோல்ட்.

ஏட்ரியனுக்கு ஃபோன் போட்டு, சனிக்கிழமை வாசிப்பை நிறுத்தப்போகிறேன் என்று சொன்னேன்.

"வேணாம், ஷிஃப்ரா. நாளைக்கே உன்னோட எவனும் பேச மாட்டான். புது ரபிகிட்ட மெதுவா எடுத்துச் சொல்லலாமே."

"நீங்களும் மெதுவான்னு ஆரம்பிச்சுட்டீங்களா?"

"பயமா இருக்கு, அவ்வளவுதான்."

"எனக்கு இல்லைன்னு நினைச்சீங்களா?" என்று வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை ஊசி மழை. உட்கார இடமில்லாத கூட்டம். கீழே ஆண்கள், மாடியில் நாங்கள். எனக்கு இரண்டு இருக்கை தள்ளி வாரனின் அம்மா டோரீன். எழுபத்தெட்டு வயது, கம்பீரமான கிழவி. ஆறு வருஷமாக அதே வரிசையில் உட்கார்ந்தும் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. மகன் பக்கம் நிற்கிறாள், நிற்கட்டும் என்று நானும் வீராப்பாக இருந்துவிட்டேன்.

அன்றைய ஏற்பாடு எல்லோருக்கும் தெரியும். ஹாலண்டர் கடைசி முறையாகத் தானே தோரா வாசிப்பார். வாசித்து முடித்ததும் சுருளைக் கெஸ்லர் கையில் கொடுப்பார். அந்தக் கணத்திலிருந்து கெஸ்லர்தான் ரபி. அப்புறம் கீழ் ஹாலில் விஸ்கியும் ஹெர்ரிங் மீனும், நேற்றிலிருந்து அடுப்பில் இருக்கிற இறைச்சியும் பீன்ஸும்.

சுருளை வைத்திருக்கிற பேழையைத் திறந்தார்கள். வாரன் சுருளை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தான். எல்லோரும் பாடினார்கள். நான் எழுந்தேன். மாடிப்படி இருபத்திரண்டு படி. ஆண்கள் பக்கத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு நடுவில் நடந்தேன். பாட்டு வரிசை வரிசையாக நின்றுகொண்டே வந்தது. நிர்வாகி பேசில் ராத்பேண்ட் மேசையருகே நின்று சுருளின் போர்வையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா ஷிஃப்ரா, மேல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்றார், பாவம்.

மேசையை மூன்று முறை தட்டினேன். மூன்றாவது தட்டுக்கு உள்ளங்கை எரிந்தது.

"விதி பத்தொன்பது. வாசிப்பை நிறுத்தறேன். வாரன் ஃபைன்கோல்ட் எனக்கு விலக்குச் சீட்டு தரணும். ஆறு வருஷமா கேக்கறேன். இந்த ஜெபக்கூடம் ஆறு வருஷமா பார்த்துக்கிட்டு இருக்கு."

எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். பெண்ணுக்கு இங்கே என்ன வேலை என்று ஒருவர். இன்றைக்குத்தானா கிடைத்தது என்று இன்னொருவர். பேசில் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு புதுப் புத்தகத்தைப் புரட்டினார். உதடு அசையப் படித்தார்.

"இருக்குதுப்பா" என்றார், யாரிடமோ மன்னிப்புக் கேட்பது போல.

"அதெல்லாம் செத்துப்போன விதி" என்றது பின்வரிசை.

"முன்னுரையில வாரன் வேற மாதிரி எழுதியிருக்கார்" என்றேன். இரண்டு பேர் சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள்.

வாரனுக்குக் காது வரை சிவந்திருந்தது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை, கெட்டிக்காரன். "எனக்குச் சட்டம் தெரியும். மனசார கொடுத்தாத்தான் சீட்டு செல்லும். இப்படி நாலு பேர் நடுவுல நிக்கவெச்சு வாங்கினா அது கட்டாயம். செல்லாத சீட்டு. நான் அவ நல்லதுக்குத்தான் சொல்றேன். ரபியைக் கேளுங்க."

எல்லோரும் ஹாலண்டரைப் பார்த்தார்கள். அவர் சுருளின் இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அது... சரிதான். கட்டாயம்னா செல்லாது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "மேல போம்மா. இன்னைக்குச் சாயங்காலமே மூணு பேரும் உட்கார்ந்து பேசுவோம். நான் சொல்றேன்ல."

உண்மையைச் சொல்கிறேன், நான் போயிருப்பேன். கால் திரும்பிவிட்டது. அத்தனை கண்ணும் என்மேல் இருக்கும்போது, சின்ன வயசிலிருந்து மரியாதை வைத்த ஒருவர் போம்மா என்றால் உடம்பு தானாகக் கேட்கிறது.

"யாரு கட்டாயப்படுத்தறா?"

கெஸ்லர்தான். அதுவரை ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர். ஒல்லியான ஆள், குரலும் சன்னம்தான்.

"மிஸ்டர் ஃபைன்கோல்ட், உங்களை யாரும் தொடலை. கதவு திறந்திருக்கு, இப்பவே வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். நாங்க வாசிக்காம உட்கார்ந்திருக்கோம், அவ்வளவுதான். அது எப்படிக் கட்டாயமாகும்?"

"நீங்க பேசாதீங்க" என்றான் வாரன். "உங்க கைக்கு இன்னும் சுருள் வரலை. இங்க ரபி அவர்தான்."

கெஸ்லர் தலையசைத்தார். "நியாயம். அவர்தான் சொல்லணும்." ஓரடி பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார்.

ஹாலண்டர் வாசியுங்கள் என்றும் சொல்லவில்லை, நிறுத்துங்கள் என்றும் சொல்லவில்லை. பத்து நிமிஷம், இருபது நிமிஷம். நானும் நின்றேன், அவரும் நின்றார். சிலர் கோபமாக எழுந்து போனார்கள். கீழ் ஹாலிலிருந்து இறைச்சி வாசனை ஏறி வந்தது. பின்வரிசையில் யாருக்கோ வயிறு கூவியது, யாரும் சிரிக்கவில்லை. என்னை ஒருவரும் உட்காரச் சொல்லவில்லை. முக்கால் மணி நேரம் ஆனபோது, கோபம் முழுக்க இறங்கிப்போய், அழுதுவிடுவேனோ என்ற பயம் மட்டும் மிச்சமிருந்தது.

அப்போது மாடியிலிருந்து ஒரு குரல்.

"வாரன்."

டோரீன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீ கொடுக்கத் தயாரா இருக்கே, அவதான் வாங்க மாட்டேங்கறான்னு எங்கிட்டச் சொன்னியே. உன்னை அலையவிடணும்னே வாங்க மாட்டேங்கறான்னு."

வாரன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "அம்மா, உட்காருங்க. வீட்டுல பேசலாம்."

"வீட்டுல ஆறு வருஷம் பேசியாச்சு. அவ கீழ நின்னு கேக்கறாளே, என் காதுல விழுதே. அப்ப நீ சொன்னது என்னடா?"

ஆறு வருஷத்தில் முதல் முறையாக அவன் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. எனக்கும் டோரீனுக்கும் நடுவில் இரண்டே இருக்கை. ஒரு நாள், ஒரே ஒரு நாள், இந்தக் கிழவியிடம் நான் வாயைத் திறந்திருந்தால்?

டோரீன் இன்னும் உட்காரவில்லை. "ரபி, உங்களைக்கூட வந்து கேட்டேனே. ஷிஃப்ரா ஏன் வாங்க மாட்டேங்கறான்னு உங்க ரூம்ல உட்கார்ந்து கேட்டேனே. ரெண்டு பக்கமும் பேசிக்கிட்டு இருக்கேன், பொறுமையா இருங்கன்னீங்களே. அவ வாங்கத் தயார்னு ஒரு வார்த்தை சொல்லலையே."

ஹாலண்டர் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்குத் தெரிந்திருந்தது. வாரன் தன் தாயிடம் என்ன சொல்லிவைத்திருக்கிறான் என்று தெரிந்தே சும்மா இருந்திருக்கிறார். யார் மனசும் நோகக்கூடாது என்று.

"சரி" என்றான் வாரன், தரையைப் பார்த்துக்கொண்டு. "நாளைக்குக் காலையில தர்றேன். மனசாரத்தான். வாசிங்க."

கூடம் முழுக்கப் பெருமூச்சு. பேசில் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுருளின் கட்டை அவிழ்க்கப் போனார். "கேட்டியாம்மா? எல்லார் முன்னாலயும் சொல்லிட்டாரு. சம்மதம்தானே?"

"சீட்டு கைக்கு வந்ததும் சம்மதம்" என்றேன்.

"இன்னைக்கு எழுத முடியாதே. சனிக்கிழமை பேனாவைத் தொடலாமா?"

"தெரியும்."

ஹாலண்டர் கண்ணைத் திறந்தார். "ஷிஃப்ரா, நான் புதன்கிழமை கிளம்பறேன். அடுத்த வாரம் நான் இங்க இல்லை." குரல் கெஞ்சியது. இருபத்தேழு வருஷத்தில் அவர் யாரிடமும் தனக்காக எதுவும் கேட்டதை நான் பார்த்ததில்லை. அவர் மனைவி மாடியில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள், புதுத் தொப்பி போட்டுக்கொண்டு. பேரப்பிள்ளைகள் மூன்று நாடுகளிலிருந்து வந்திருந்தார்கள்.

"ஒரு வாரம் விட்டதை அடுத்த வாரம் சேர்த்து வாசிக்கலாம். சட்டத்துல இடம் இருக்கு" என்றார் கெஸ்லர், உட்கார்ந்த இடத்திலிருந்தே, மெதுவாக. அவர் என்னைப் பார்க்கவில்லை, ஹாலண்டரையும் பார்க்கவில்லை.

எனக்கு ஹாலண்டர்மேல் இரக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் வாரனின் 'நாளைக்கு' எப்படிப்பட்டது என்று எனக்குத்தான் தெரியும். இன்று வாசித்து முடித்துவிட்டால், விஸ்கி குடித்துக் கைகுலுக்கிவிட்டால், நாளைக்குக் காலையில் அவனுக்குக் காய்ச்சல் வரும். பிறகு யோசிப்பான்.

"மன்னிச்சிருங்க, ரபி" என்றேன். "சம்மதம் இல்லை."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பேசிலின் கையை விலக்கிவிட்டுத் தானே சுருளின் கட்டை இறுக்கினார். போர்வையைத் தானே போர்த்தினார், அது இரண்டு முறை நழுவிற்று. தூக்கிக்கொண்டு கெஸ்லரிடம் நடந்து போய் அவர் கையில் கொடுத்தார்.

"நீங்க உள்ள வெச்சிருங்க" என்றார்.

ரபி மாறிவிட்டார். யாரும் பாடவில்லை. வாசிக்காத சுருளைக் கெஸ்லர் பேழைக்குள் வைத்துத் திரையை மூடினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வாரன் மத நீதிமன்றத்துக்கு வந்தான். அவன் அம்மா கூட வந்து வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். மனசாரவா என்று மூன்று முறை கேட்டார்கள், மூன்று முறையும் ஆமாம் என்றான். இறகுப் பேனாவால் எழுத ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கொடுக்க ஒரு நிமிஷம் ஆகவில்லை. இரண்டு கையையும் குவித்து நீட்டச் சொன்னார்கள், அவன் மேலிருந்து போட்டான், நான் சடங்குப்படி அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு நாலு எட்டு நடந்தேன். முடிந்தது. சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். இவ்வளவுதானா, இதற்கா ஆறு வருஷம் என்று ஆத்திரம்தான் வந்தது.

வெளியே நடையில் ஹாலண்டர் நின்றிருந்தார், மழைக்கோட்டோடு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

"வந்துருச்சா?"

"வந்துருச்சு."

தலையை ஆட்டினார். போகிற மாதிரி இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"ஒரு வார்த்தை எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே, ஷிஃப்ரா."

"சொன்னேன், ரபி" என்றேன். "ஆறு வருஷம் சொன்னேன்."